பிணவறையிலிருந்து வந்த ஊசி

1960களில் பிரிட்டனின் பிணவறைகளில் அசிட்டோன் நிரப்பிய ஜாடிகள் இருந்தன. நகப்பூச்சை அழிக்கப் பயன்படுமே, அதே அசிட்டோன்தான். பிரேதப் பரிசோதனை நடக்கும்போது மண்டையோட்டின் அடியில், சின்ன எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அதில் போட்டு வைப்பார்கள். பட்டாணி அளவு, எடை சுமார் அரை கிராம். ஜாடியில் சேர்ந்தவை ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அங்கே வளர்ச்சி ஹார்மோனாகப் பிரித்தெடுக்கப்பட்டு, வளராத குழந்தைகளின் உடலில் ஊசியாக ஏறும்.

இறந்தவர்களிடம் ஏன் போக வேண்டியிருந்தது? சர்க்கரை நோய்க்கு மாடு, பன்றியின் இன்சுலின் கைகொடுத்தது. வளர்ச்சி ஹார்மோனில் அது பலிக்கவில்லை. மாட்டின் ஹார்மோனுக்கு மனித உடல் அசைந்து கொடுக்காது. 1958ல் பாஸ்டனில் மாரிஸ் ரேபன் என்ற மருத்துவர், மனிதச் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனைப் போட்டதும் 17 வயதுப் பையன் ஒருவன் உயரத் தொடங்கினான் என்று அறிவித்தார். பெற்றோர்களுக்கு அது பெரிய நம்பிக்கை. அமெரிக்காவின் அரசுத் திட்டத்தில் மட்டும் 1985 வரை ஏறத்தாழ 7,700 பேர் இந்த ஊசியைப் பெற்றார்கள். பிரிட்டனில் 1,800க்கும் மேல்.

ஒரு குழந்தையின் ஒரு வருடத் தேவைக்கே டஜன் கணக்கில் சுரப்பிகள் வேண்டும். அதனால் பல பேருடைய சுரப்பிகளை ஒன்றாகச் சேர்த்தே மருந்து தயாரித்தார்கள். ஆபத்து ஒளிந்திருந்தது அங்கேதான். இறந்தவர்களில் ஒருவருக்கு மூளையைச் சல்லடையாக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் இருந்திருந்தால், மொத்தக் கலவையும் நஞ்சு. நோயைப் பரப்பும் பிரியான் புரதம் வழக்கமான கிருமிநீக்கத்துக்கெல்லாம் அழியாது. உடலில் புகுந்தபின் பல ஆண்டுகள், சிலரிடம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல், சத்தமில்லாமல் இருக்கும்.

இது யாருக்கும் தோன்றாத ஆபத்து அல்ல. ஆடுகளைத் தாக்கும் இதே வகை நோயை ஆராய்ந்துவந்த ஆலன் டிக்கின்சன், 1976லேயே பிரிட்டிஷ் அதிகாரிகளை எச்சரித்தார். ஊசி நிற்கவில்லை. 1984ல் கலிஃபோர்னியாவில், சிறுவயது முதல் இந்த ஊசி போட்டுக்கொண்ட இளைஞர் ஒருவர் நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, சில மாதங்களில் இறந்தார். அவருடைய மருத்துவர் ரேமண்ட் ஹின்ட்ஸ், ஹார்மோன்மீது சந்தேகம் கொண்டு அரசுக்கு எழுதினார். வேறு சில மரணங்களும் வெளிவரவே, 1985 ஏப்ரலில் அமெரிக்கா விநியோகத்தை நிறுத்தியது. பிரான்ஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1977 ஜூலைக்குப் பிறகு புதிய குழந்தைகளுக்கு ஊசி தொடங்கியது பிரிட்டிஷ் அரசின் கவனக்குறைவே என்று 1996ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிக்கின்சனின் எச்சரிக்கை முன்பே போய்ச் சேர்ந்திருந்தது என்பதுதான் இந்தக் கதையில் மனம் ஆறாத இடம்.

அதே 1985 அக்டோபரில் ஜெனென்டெக் நிறுவனத்தின் ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. மனித மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்தது. மூளைத் திசுவின் சுவடே இல்லை. 1987ல் அர்ஜென்டினாவில் பிறந்த லியோனல் மெஸ்ஸி சிறுவயதில் இரவுதோறும் காலில் போட்டுக்கொண்டது இந்தத் தலைமுறை ஊசியைத்தான். இருபது ஆண்டுகள் முன்னால் பிறந்திருந்தால் அவருக்கும் அந்த ஜாடிதான் கதி.

பழைய ஊசியின் கணக்கு இன்னும் தீரவில்லை. அதைப் பெற்ற எட்டுப் பேரை ஆராய்ந்த லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், ஐந்து பேருக்கு 38 முதல் 55 வயதுக்குள்ளேயே மறதிநோய் அறிகுறிகள் தொடங்கியிருந்ததை 2024ல் வெளியிட்டார்கள். அல்சைமரோடு தொடர்புடைய அமிலாய்டு புரதமும் அந்த மருந்தோடு போயிருக்கிறது என்பது அவர்களின் முடிவு. அல்சைமர் தொற்றுநோய் அல்ல என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

இன்றைய ஊசிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் எந்த ஊசியும் உயரம் தராது. ஆகவே பிறந்தநாள்தோறும் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து வயது தாண்டிய பிள்ளை பருவமடையும் முன் வருடத்துக்கு 4 சென்டிமீட்டர்கூட வளரவில்லையென்றால், டானிக் வாங்கி நாளைக் கடத்தாமல் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.