நிலவேம்புக் கசப்பு எதற்கு உதவும்?

டெங்கு பரவும் மழைக்காலத்தில் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் நிலவேம்புக் குடிநீருக்குக் கூட்டம் சேரும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறதே!

பெயர் நிலவேம்பு என்றாலும் சரக்குகள் ஒன்பது: நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு ஆகியவையும் சேர்கின்றன. கசப்புக்கு முக்கியக் காரணம் நிலவேம்பிலுள்ள ஆன்ட்ரோகிராஃபோலைடு. உடலில் அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைகளை இது மட்டுப்படுத்துவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். சாதாரணச் சளி, இருமலின் தொல்லை நிலவேம்பால் சற்றுக் குறைவதாக மனிதர்களிடம் நடந்த சில சோதனைகளும் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கொடுத்தது அளவிட்ட சாற்றில் செய்த மாத்திரை. இந்த வேதிப்பொருளோ தண்ணீரில் எளிதில் கரையாதது. ஆகவே மாத்திரையின் பலனை அப்படியே கஷாயத்தின் கணக்கில் எழுத முடியாது. இந்தக் கஷாயம் டெங்குவைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கொசுவை ஒழிப்பதற்கு இது மாற்றும் அல்ல.

‘மூலிகைதானே’ என்ற அலட்சியம்தான் எனக்குப் பிடிக்காதது. நிலவேம்பால் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தானது. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.