ஏலக்காய் விற்று வெளிநாட்டு எம்.பி.ஏ... போடி குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு!

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். திரையில் ஏறி இறங்கும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஊரில் வீடு, கல்யாணம், நகை எல்லாம் முடிவாகும். பிள்ளையின் வெளிநாட்டு எம்.பி.ஏ-வும் இப்போது அதே எண்ணில்தான் தொங்குகிறது.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? 2019 ஆகஸ்ட்டில், மலைக்கு மேலே புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போனது. மூன்றே ஆண்டுகளில், 2022-ல், சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. 2024 கோடையில் வறட்சி செடிகளைக் கருக்கியது. விலை ஏறியது, ஆனால் விற்கக் காய் இல்லை.

ஒரு பேச்சுக்கு, கல்விக் கட்டணம் 20 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 2,500 ரூபாய் என்றால் 800 கிலோ காய் விற்றால் போதும். 900 ரூபாய் என்றால் 2,200 கிலோவுக்கு மேல் வேண்டும். தோட்டமும் பிள்ளையும் அதேதான். படிப்பின் விலை மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

அடுத்த சிக்கல் காலண்டரில். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு ஜூலை, ஆகஸ்ட்டில் தொடங்கி, சுற்றுச் சுற்றாக ஜனவரி, பிப்ரவரி வரை போகும். பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் செப்டம்பர் சேர்க்கைக்கு முன்பணம் கேட்பது பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை. மலையில் கை காய்ந்திருக்கும் நேரம் அது. அவசரத்துக்கு வட்டிக்கு வாங்குவது அப்போதுதான் நடக்கிறது. பல பிசினஸ் ஸ்கூல்களில் ஜனவரி சேர்க்கையும் உண்டு. நல்ல விளைச்சல் பணம் கையில் இருக்கும்போது முன்பணம் கட்ட இது தோதானது.

பிரிட்டன் விசாவுக்கு இன்னொரு நிபந்தனை: கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்குமான பணம், மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் தொடர்ந்து 28 நாள்கள் இருக்க வேண்டும். குடோனில் எட்டு எம்.எம். காய் மூட்டை மூட்டையாக இருந்தாலும் விசா அதிகாரிக்கு அது பணம் இல்லை. மாணவர் பெயரிலேயே வங்கிக் கல்விக்கடன் அனுமதிக் கடிதம் இருந்தால், இந்த 28 நாள் விதி கிடையாது.

தோட்டம் இருந்தும் கடன் கிடைக்காதா?

மலைக் குடும்பங்கள் பலருக்கும் அதிர்ச்சி தரும் இடம் இதுதான். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்து அடமானம் தேவை. ஆனால் கடன் வராவிட்டால் வங்கி நேரடியாகச் சொத்தைக் கையகப்படுத்த உதவும் சர்ஃபாசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் ஏக்கர் கணக்கில் ஏலத்தோட்டம் இருந்தாலும், போடியில் இருக்கும் சின்ன வீட்டைத்தான் மேனேஜர் கேட்பார். மலைக்கு மேலே நிலம் இருந்தால் சிக்கல் இன்னும் கூடுதல். ஏலமலைக் காடுகள் வன நிலமா, வருவாய் நிலமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த வட்டிக்கு 8 ஆண்டுகள் வரை கழிவு உண்டு.

திருப்பிக் கட்டும் திட்டத்தை, படித்த நாட்டிலேயே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போடுவது ஆபத்து. பிரிட்டனில் படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேட 2 ஆண்டுகள் என்று இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, முனைவர் பட்டம் தவிர, அது 18 மாதங்கள்தான். ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. எம்.பி.ஏ-வுக்குப் பொதுவாக உண்டு என்பதை ஏஜென்ட் சொல்ல மாட்டார்!

பிசினஸ் ஸ்கூலின் தரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்காவின் ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பாவின் எக்விஸ், லண்டனின் ஆம்பா ஆகிய மூன்று அங்கீகாரங்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று அந்தந்த அமைப்பின் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம். கண்ணாடிக் கட்டட போட்டோக்களை நம்ப வேண்டியதில்லை.

தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமான கதை இல்லை இது. விடிகாலையில் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாகக் காய் எடுக்கப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டுமே கடன் அல்ல, உதவித்தொகை. இவற்றைப் பற்றி ஊரில் இன்னும் அதிகம் பேச வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சர்வதேச வணிகம் போடிக்குப் புதுப்பாடமே இல்லை. ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் நூறாண்டுக்கு முன் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோன ஏலக்காய், இன்று அந்த நாட்டை உலகின் பெரிய ஏற்றுமதியாளராக ஆக்கியிருக்கிறது. அங்கே மழை தப்பினால் போடியில் விலை அசையும். சவுதியில் காபியில் போடும் ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று திருப்பினால், இங்கே சரக்கு தேங்கும்.

இந்தத் தொழிலையே படிக்க நினைப்பவர்களுக்கு விமானம் தேவையில்லை. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் 1993-ல் தொடங்கிய இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனம் பெங்களூருவில் இருக்கிறது. வேளாண் வணிகத்தில் முதுநிலைப் படிப்பு அங்கே உண்டு.