பனிமலைப் பாதையில் நான்கு ஜீப்புகள்

இமாசலப் பிரதேசத்துக் குலு, லாஹூல், ஸ்பிட்டி என்னும் மலைநாடுகள் கூட்டுறவாளர் அறிந்துகொள்ள வேண்டியவை. குலுப் பள்ளத்தாக்கில் புட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1944-ம் ஆண்டில் தோன்றிக் கம்பளிச் சால்வைகளால் புகழ் பெற்றது. மலைக்கு அப்பாலுள்ள லாஹூலில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் 1966-ல் தமக்கென ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தனர். வைரஸ் நோய்களைப் பரப்பும் அசுவினிப் பூச்சி அக்குளிர்ப் பிரதேசத்தில் குறைவு; ஆதலால் அங்கு விளையும் விதைக்கிழங்குக்கு மதிப்பு அதிகம்.

விளைந்த பொருள் சமவெளிக்கு இறங்க வழி வேண்டுமல்லவா? சுமார் 13,000 அடி உயரமுள்ள ரோத்தங் கணவாயே நெடுங்காலம் அவ்வழியாக இருந்தது. குளிர்காலத்தில் அது மாதக்கணக்கில் பனியால் மூடப்படும். 2020-ம் ஆண்டு அக்டோபரில் 9 கிலோ மீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின் லாஹூலின் தனிமை பெரிதும் குறைந்தது. ஆனால் லாஹூலிலிருந்து ஸ்பிட்டிக்குச் செல்வோர் சுமார் 15,000 அடி உயரமுள்ள குன்ஸும் கணவாயை ஏறியே கடக்க வேண்டும். சென்ற ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், பாதை திறந்த சில தினங்களுக்குள், நண்பர்கள் பன்னிருவர் நான்கு வாடகை ஜீப்புகளில் அவ்வழியே புறப்பட்டோம்.

வண்டியின் அமைப்பு

பனி என்றால் நம் ஊரில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. அங்கோ அது வழியின் இரு புறமும் ஆள் உயரத்துக்குச் சுவராக நிற்கிறது. பகலில் உருகி, இரவில் கண்ணாடிபோல் இறுகுகிறது. சாதாரண மோட்டாரில் எஞ்சினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்கே செல்லும்; அவை வழுக்கிச் சுழன்றால் வண்டி நகராது. இவ்வகை ஜீப்பில் முன் அச்சுக்கும் ஒரு தண்டு சக்தியைக் கொண்டு செல்வதால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். செங்குத்தான ஏற்றத்துக்கெனத் தனியாக மெதுவேகக் கியரும் உண்டு. எனினும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, பிரேக் போட்டால் மற்ற வண்டிகளைவிட விரைவில் நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. பனியில் எல்லா வண்டியும் ஒன்றுபோலவே வழுக்கும். ஆகவே இறக்கத்தில் பிரேக்கை நம்பாது, தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடிப்பாலேயே இறங்குகின்றனர்.

அணியின் விதிகள்

எங்கள் ஓட்டுநர் நால்வரும் லாஹூல்வாசிகள். அவர்களுள் மூத்தவரை நாங்கள் தலைவராக ஏற்றோம். அவர் வகுத்த விதிகள் சிலவே. முன்வண்டி ஏற்றத்தை முடிக்கும் வரை பின்வண்டி அடிவாரத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஒன்று சறுக்கினால் அடுத்தது அடிபடக் கூடாது. பின்வண்டி கண்ணுக்குத் தெரியாவிடில் முன்வண்டி நின்றுவிட வேண்டும். ஓடைகளை விடியற்காலையிலேயே கடக்க வேண்டும். பிற்பகலில் பனி உருகி வெள்ளம் பெருகும். மண்வாரி வண்டிக்கு ஒன்று. இழுகயிறும் காற்றடிக்கும் பம்பும் அனைவருக்கும் பொது. எதிர்பாராச் செலவுக்கென ஆளுக்குச் சமமாக ஒரு தொகை முன்னரே சேர்த்து வைத்தோம். சங்கத்தின் சேமநிதியை ஒத்த ஏற்பாடு அது.

கணவாயின் அடியில்

கிராம்ஃபூவிலிருந்து சந்திரா நதியை ஒட்டிச் சுமார் ஐம்பது கிலோ மீட்டர் கல்லும் நீருமான வழியைக் கடந்து பாத்தால் என்னும் இடத்தில் இராத் தங்கினோம். மறுநாள் பாலத்தைத் தாண்டி ஏறுகையில், நான்காம் வண்டி பாறையொன்றில் மோதி, முன் அச்சுக்குச் சக்தி செலுத்தும் தண்டு முறிந்தது. இனி அதற்கு இரு சக்கர இழுப்பே மிச்சம். கணவாய்க்கு இன்னும் எட்டுக் கிலோ மீட்டர் இருந்தது. முன்னிரவில் விழுந்த புதுப்பனி மேலே வெண்மையாகத் தெரிந்தது.

வழியோரத்திலேயே கூடிப் பேசினோம். மற்ற மூன்று வண்டிகளில் பன்னிருவரும் நெருங்கி அமர்ந்து சென்றுவிடலாம், பழுதான வண்டியோடு அதன் ஓட்டுநர் பாத்தாலில் காத்திருக்கட்டும் என்றனர் சிலர். நியாயமான யோசனைதான், இவ்வளவு தூரம் வந்து கணவாயைக் காணாமல் திரும்ப எவருக்கு மனம் வரும்? எங்களுள் ஒருவருக்கோ காலை முதல் தலைவலியும் குமட்டலும் இருந்தன. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்திலுள்ளதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு; அந்நிலையில் மேலும் ஏறுவது அபாயம்.

தலைவர் கடைசியில் பேசினார்: "ஐயா, வண்டி நான்கு என்று கணக்கிட்டுத்தான் கிளம்பினோம். ஒன்று சிக்கினால் இழுக்க மூன்று. அப்பால் போய் இன்னொன்று முறிந்தால் இழுப்பது யார்? கீழே தனியாக நிற்பவனை அந்த ஓடை கடத்திவிடுவது யார்?" அதன்பின் வாக்கெடுப்புக்கு அவசியம் நேரவில்லை. நான்கு வண்டிகளும் திரும்பின.

அன்று பாத்தாலிலேயே தங்கி, மறுநாள் விடியலில் ஓடையில் இறங்கினோம். எதிர்பார்த்தபடியே பழுதான வண்டி நடு ஓடையில் உருளைக் கற்களிடையே சிக்கிற்று. ஒரு ஜீப்பு இழுத்து அசையவில்லை. இரண்டை ஒன்றன்முன் ஒன்றாகக் கயிற்றால் பிணைத்து இழுத்தபின், பொழுது ஏறி நீர் பெருகுமுன் அது கரையேறியது. தண்டு மாற்றிய செலவில் பெரும்பகுதியைப் பொதுநிதி தாங்கிற்று. வீணான நாட்களின் வாடகையைப் பன்னிருவரும் சமமாக ஏற்றோம்; நான்காம் வண்டியில் அமர்ந்தவர் தலையில் மட்டும் அது விழவில்லை.

நமக்கு ஏற்றது

நல்ல வழியில் நான்கு வண்டிகளுக்கு ஒன்றின் துணை மற்றதற்குத் தேவைப்படுவதில்லை. விலை ஏறிய காலத்தில் சங்கம் எதற்கு என்று கேட்கும் அங்கத்தினரும் இத்தகைய வழியில் செல்பவரே. நூல் விலை உயர்ந்து தறி நிற்கும்போதும், அறுவடையன்று விலை சரியும்போதும்தான் கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பது தெரிகிறது. தவணை தவறிய அங்கத்தினரின் பெயர் கூட்டத்தில் படிக்கப்படும்போது, அவரை விட்டுச் செல்வதால் மிஞ்சும் வேகத்தையும், நாளை நமக்குக் குறையப்போகும் துணையையும் இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்துத் தீர்மானிப்பது நலம்.

குன்ஸும் கணவாயை நாங்கள் காணவில்லை. சென்ற பன்னிருவரும் ஓட்டுநர் நால்வரும் ஒருசேர மணாலி வந்து சேர்ந்தோம்.