எங்கள் வீட்டுப் பிரசவ வார்டு

"என்னம்மா, வீட்டிலே விசேஷமா?" என்று கீழ்வீட்டு மாமி போன வாரம் ரகசியமாகக் கேட்டார். நான் தங்கையிடம் போனில், "இன்னிக்கோ நாளைக்கோ பிரசவம் ஆயிடும், அடிவயிறு நல்லா கறுத்துப் போச்சு" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. விசேஷம்தான். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் கப்பி மீன்!

எனக்கு ஒன்பது வயதில் அப்பா கொளத்தூரிலிருந்து ஒரு ஜோடி கப்பி வாங்கி வந்தார். சென்னைக்காரர்களுக்குத் தெரியும், வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஆரம்பித்து, பிறகு சின்னத் தொட்டி. ஒரு கோடை விடுமுறையில் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தொட்டி, கல், ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் பதினாலு மீனும் மிதந்தன. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

சோப்பு மட்டுமல்ல காரணம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். இன்னொன்றும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை விஷம் குறைந்த பொருளாக மாற்றுகிற நல்ல பாக்டீரியாக்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. நான் அவற்றையும் கழுவிக் கொட்டிவிட்டேன்! இப்போதெல்லாம் தண்ணீரை வாயகன்ற பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுகிறேன். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு மட்டும் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிவிடலாம். புதுத் தொட்டி, புதுக்குடித்தனம் மாதிரி. நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், நிலைப்பட. அதுவரை இரண்டு மூன்று மீன் போதும்.

கல்யாணமாகி வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு இரண்டடித் தொட்டியும் வந்து இறங்கியது. அத்தைக்குப் பிடிக்கவில்லை. "வாயில்லா ஜீவனைக் கண்ணாடியிலே அடைச்சு வெச்சு என்ன புண்ணியம்?" என்றார். அதற்குப் பதில் எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் முழுசாகத் தெரியவில்லை. அடைத்த பிறகு அதற்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஏறக்குறைய நாலு வாரம் சுமந்து இருபது முதல் ஐம்பது வரை ஈனும். ஒரு முறை ஆணோடு சேர்ந்தால் போதும், பிறகு ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். பெற்றவளே குட்டிகளைத் தின்றுவிடுவாள் என்று சொன்னால் எல்லோரும் 'சீச்சீ' என்கிறார்கள். அவளைத் திட்டாதீர்கள். ஓடையில் பிறந்த குட்டி ஓடி ஒளிந்துகொள்ளும், கண்ணாடிக்குள் எங்கே ஓடும்? பாசிச் செடியை அடர்த்தியாகப் போட்டு வைத்தால் பாதிக்கு மேல் பிழைத்துவிடும்.

ஃபைட்டர் மீன் இதற்கு நேரெதிர். அங்கே பிள்ளை வளர்ப்பது அப்பா! (என் வீட்டுக்காரரை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டியிருக்கிறேன். பலன் இல்லை.) ஆண் மீன் வாயால் குமிழி விட்டுத் தண்ணீர் மேல் நுரைக்கூடு கட்டும். பெண் இடும் முட்டைகள் கீழே இறங்க இறங்க, வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். முட்டையிட்டு முடித்ததும் பெண்ணை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் விரட்டி விரட்டிக் குதறிவிடும். ஒன்றரை, இரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும். கூட்டிலிருந்து நழுவும் ஒவ்வொன்றையும் ராத்திரி பகல் பாராமல் திரும்பக் கொண்டுபோய் வைக்கும். குஞ்சுகள் படுக்கை வாட்டில் நீந்த ஆரம்பித்ததும் அப்பாவையும் எடுத்துவிடுங்கள். குஞ்சின் முதல் ஆகாரம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். பழைய தொட்டித் தண்ணீரில் முட்டைக்கோஸ் இலையைப் போட்டு ஜன்னலோரம் வைத்தால் சில நாளில் உண்டாகிவிடும். கொஞ்சம் பெரிசானதும், பொரித்த ஆர்ட்டீமியா.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. காற்று மோட்டார் நின்றுவிட்டது. ஃபைட்டர் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும், அதைப் பற்றிக் கவலையில்லை. ஏஞ்சல் மீன்கள் எட்டும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டன. டம்ளரில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், காற்று கலக்கட்டும் என்று. நடுராத்திரிக்கு மேல் கை விட்டுப்போய், சுவரில் சாய்ந்தவள் தூங்கிவிட்டேன்.

சளசளவென்று சத்தம் கேட்டு விழித்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தை முக்காலி போட்டு உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீ தூங்கும்மா. எனக்குத்தான் வயசாச்சு, தூக்கம் எங்கே வருது? இதுங்களுக்கும் மூச்சுதானே?"

மூன்று நாளும் முறை வைத்து ஊற்றினோம். தீனி போடவில்லை. தின்றால் கழிவு, கழிவு சேர்ந்தால் தண்ணீர் கெடும். மீன் சில நாள் பட்டினி தாங்கும். இரண்டு ஏஞ்சல் போய்விட்டது, ஆறு பிழைத்தது.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை. இரண்டடிக்கு ஓரடித் தொட்டி தண்ணீரும் கல்லுமாக அறுபது கிலோவுக்கு மேல் கனக்கும். ஆடுகிற ஸ்டூலில் வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை விடாதீர்கள். வளர்க்க முடியவில்லை என்றால் ஏரியில் மட்டும் கொண்டுபோய் விட வேண்டாம். பாசி தின்னும் என்று வாங்கி, பிறகு விட்டுவிட்ட 'டேங்க் கிளீனர்' மீன் பல நீர்நிலைகளில் பெருகி, மீன்காரர்களின் வலையைக் கிழிக்கிறது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அத்தைதான் என்னை எழுப்பினார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பார்வை என்னைவிடத் தெளிவு.

"முப்பத்தொண்ணு" என்றார். "பாசிக்குள்ளே இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கும். கீழ்வீட்டு மாமிக்குச் சர்க்கரை கொண்டுபோய்க் கொடு, பாவம், கேட்டுட்டே இருந்தாங்க."