ஒரே குளிசை, இரண்டு பெயர்

மாரி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் வாடகை அறைகளில் யாராவது ஒருவர் காய்ச்சலோடு போர்த்துக்கொண்டு படுத்திருப்பார். வீடு மட்டக்களப்பிலோ மாத்தறையிலோ இருக்கும். கஞ்சி வைத்துக் கொடுக்க அம்மா பக்கத்தில் இல்லை. அடுத்த கிழமை சோதனை. "இரண்டு பனடோலைப் போட்டுப் படு மச்சான், விடிய எழும்ப எல்லாம் சரி" என்பான் அறைத்தோழன். அவனுடைய அக்கறையில் குறை சொல்ல முடியாது. கவலை, அதற்குப் பிறகு விழுங்கப்படும் மற்றக் குளிசைகளைப் பற்றித்தான்.

பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர். உள்ளே இருப்பது பரசிற்றமோல், ஒரு குளிசையில் 500 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்துக்கு உச்ச அளவு 4 கிராம், அதாவது 8 குளிசை. 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த உடம்புக்கு அதுவே கூடுதல். மூக்கடைப்புக்கென்று பாமசியில் வாங்கும் தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இதே பரசிற்றமோல் கலந்திருக்கிறது. இரண்டு மருந்து எடுப்பதாக நினைத்து ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்குகிறார்கள்.

பரசிற்றமோலின் பெரும்பகுதியை ஈரல் தீங்கில்லாமல் மாற்றி வெளியேற்றிவிடும். சிறு பங்கு மட்டும் நஞ்சாகும். அதை அடக்குவது ஈரலில் உள்ள குளுட்டதயோன். அளவு மீறினால் குளுட்டதயோன் தீர்ந்துபோக, நஞ்சு ஈரற் கலங்களையே தாக்கும். முதல் நாள் கொஞ்சம் குமட்டல், சிலருக்கு அதுவும் இல்லை. அந்த அமைதிதான் ஆளை ஏமாற்றுகிறது. ஈரல் பழுதாவது தெரியவரும்போது இரண்டு மூன்று நாள் கடந்திருக்கும். முறிமருந்து உண்டு, ஆனால் அது முழுப் பலன் தருவது முதல் 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான்.

இதைவிடப் பெரிய பயம் நுளம்பால் வருவது. யாழ்ப்பாணத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை டெங்குக் காலம். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்தது. உடம்பு உளைவு தாங்காமல் டைக்ளோபெனக், ஐபுபுரோபன், மெபனமிக் அமிலம், அஸ்பிரின் என்று கையில் கிடைத்ததைப் போடுவார்கள். டெங்கு ஏற்கெனவே குருதிச் சிறுதட்டுகளைக் குறைத்திருக்கும். இந்த மருந்துகளோ மிஞ்சியவற்றின் வேலையைக் கெடுத்து, இரைப்பையையும் புண்ணாக்கும். இரத்தக் கசிவுக்கு வேறென்ன வேண்டும்? காய்ச்சல் விட்டதும் சுகம் என்று எழும்புகிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பலருக்குத் தொடங்குவது அப்போதுதான்.

மருந்தைக் கம்பனி வைத்த பெயரால் அல்ல, உள்ளே இருப்பதன் பொதுப்பெயரால் அறிய வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அவருடைய முயற்சியால். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அப்படிப்பட்ட மண்ணில், குளிசை அட்டையின் பொதுப்பெயர் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்தான் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக அச்சிட வைக்க அரசால் முடியாதா?

அதுவரை அந்தப் பொடி எழுத்தை நீங்களே வாசியுங்கள். விளங்காவிட்டால் பாமசியில் கேளுங்கள். அறையில் ஒருவர் காய்ச்சலோடு கிடந்தால், மூன்றாம் நாள் அவரைத் தனியே விட்டுவிட்டு விரிவுரைக்குப் போகாதீர்கள். குருதிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.