மோட்டார் சாவியின் மின்கலத்தை மாற்றுதல்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் வேலந்தாவளம். இத்தகைய எல்லையூர்களில் காரின் ரிமோட் சாவி வேலை செய்யாதுபோனால், கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ சென்று பழுது பார்க்கும் நிலையத்தை நாடுவோர் உண்டு. ஆனால், பெரும்பாலும் சாவி பழுதுபடுவதில்லை. அதனுள் இருக்கும் சிறிய மின்கலம் தீர்ந்துவிடுவதே காரணமாகும். அதனை எவரும் சில நிமிடங்களில் தாமே மாற்றிக் கொள்ளலாம். மாற்றுவது எளிது, வெளியே எடுத்த பழைய மின்கலத்தைக் காப்பதிலேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

பட்டன் பாட்டரி என்று வழங்கும் இம்மின்கலத்தின் மீது ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பல சாவிகளில் உள்ளது சி.ஆர். 2032 என்பதாகும். 'சி' என்பது லிதியமும் மாங்கனீசு டையாக்சைடும் கொண்ட வகையையும், 'ஆர்' என்பது வட்ட வடிவையும் குறிக்கும். 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் உணர்த்தும். இதன் மின்னழுத்தம் 3 வோல்ட். சி.ஆர். 2025 என்பதன் கனம் 2.5 மில்லிமீட்டரே ஆதலால், ஒன்றுக்கு மாறாக மற்றொன்றை வைத்தல் தகாது. தொடுமுனைகள் சரிவரப் பொருந்தா.

முன்பு தொலைவிலிருந்தே கதவைத் திறந்த சாவி, வண்டியை நெருங்கினால் மட்டுமே திறக்குமாயின், மின்கலம் தீரும் நிலையில் உள்ளது எனக் கொள்ளலாம். குளிரில் மின்கலத்தின் அகத்தடை மிகுவதால், இடுக்கி மாவட்டத்து மூணாறு போன்ற மலையூர்களில் காலை வேளைகளில் இக்குறை முன்னதாகவே தென்படக்கூடும்.

மாற்றும் முறை வருமாறு: முதலில் வண்டியின் கையேட்டைப் பார்த்து, கூட்டைத் திறக்கும் இடத்தை அறிதல் வேண்டும். கூட்டின் விளிம்பிலுள்ள பிளவில், துணி சுற்றிய தட்டை முனைத் திருப்புளியை நுழைத்து மெல்லத் திருப்பினால் கூடு இரண்டாகப் பிரியும். பழைய மின்கலத்தின் எண்ணையும், கூட்டல் குறியிட்ட பக்கம் மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பதையும் குறித்துக் கொள்க. பின்னர் அதனை உலோகமல்லாத குச்சியால் நெம்பி எடுத்து, புதியதை விளிம்பில் பிடித்து அதே திசையில் வைத்து, கூட்டை அழுத்தி மூடுக. பெரும்பாலான சாவிகளில், மின்கலத்தை எடுத்தாலும் வண்டிக்குரிய இரகசியக் குறி நினைவகத்தில் அழியாது இருக்கும். ஆகவே அஞ்சத் தேவையில்லை. இவ்வகை மின்கலத்திற்கு மீண்டும் மின்னேற்றம் செய்ய முயலலாகாது, வெடிக்கக்கூடும்.

இனி, வெளியே எடுத்த மின்கலத்தைக் கவனிப்போம். சாவியை இயக்க வலுவற்றுப் போயினும், அதில் மின்சாரம் முற்றிலும் அற்றுப்போவதில்லை. சிறு குழந்தை அதனை விழுங்கினால், 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அவ்வில்லை உணவுக் குழலில் சிக்கிக் கொள்ளக்கூடும். அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய, எதிர்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே தசையை அரித்துப் புண்ணாக்கிவிடும். இருமல், எச்சில் வடிதல், உணவை மறுத்தல் என்பவையே அறிகுறிகளாக இருக்கலாம். அறிகுறி ஏதும் இன்றியும் இருக்கலாம். விழுங்கியதாக ஐயம் எழுந்த உடனே, எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம். வாந்தி எடுக்கச் செய்யலாகாது.

இவ்வுண்மையை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதில் காட்டலாம். மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய தாள் ஒன்றை உப்பு நீரில் நனைத்து, பழைய மின்கலத்தின் இரு பக்கங்களையும் தொடுமாறு மடித்து வைக்க வேண்டும். அதில் இன்னும் ஓரளவு மின்னழுத்தம் எஞ்சியிருப்பின், சிறிது நேரத்தில் எதிர்முனைப் பக்கத்துத் தாள், மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தாற்போல் சிவக்கும். அச்சிவப்பே காரத்தின் அடையாளம். சோதனையை ஆசிரியரே செய்து, முடிந்ததும் மின்கலத்தைத் தம் வசமே வைத்துக் கொள்ள வேண்டும்.

பழைய மின்கலத்தின் இரு பக்கங்களையும் மறைக்குமாறு ஒட்டும் நாடாவைச் சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மூடிய டப்பாவில் வைத்தல் நலம். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவு மின்கலங்களைத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு விதித்துள்ளன. ஆதலின் அதனைக் குப்பையில் எறியாது, சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். களப்பணியாளர்கள் தாம் செல்லும் வீடுகளில் இச்செய்தியை எடுத்துரைப்பின், ஒரு குழந்தையின் உயிரையேனும் காத்தவராவர்.