வழிபாடும் வாழ்வும்



வழிபாடு என்பது யாது? வாரத்தில் ஒரு நாள் ஒரு கூரையின்கீழ்க் கூடி, இறைவனைத் தொழுது, வீடு திரும்புவது மட்டுந்தானா? அன்றி, எஞ்சிய ஆறு நாள்களையும் செம்மைப்படுத்தும் ஆற்றல் அதற்கு உண்டா? எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வினா இது. கிறித்தவ வழிபாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இன்று ஆராய்வோம். வன்னிப் பெருநிலப்பரப்பிலே சைவரும் கிறித்தவரும் அயலவராய் வாழ்கின்றனர். ஆதலின், ஒருவர் வழிபாட்டின் பொருளை மற்றவர் அறிந்துகொள்வது நன்று.

கத்தோலிக்கரின் ஞாயிறு வழிபாடு திருப்பலி எனப்படும். முன்னாளிலே பூசை என்று வழங்கினர். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் யாவரும் தத்தம் குற்றங்களை நினைந்து மன்னிப்பு வேண்டுவர். அடுத்து வேதவாசகங்களும் பிரசங்கமும் இடம்பெறும். பின்னர் அப்பமும் திராட்சை இரசமும் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்படும். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்த பின்னரே நற்கருணை பெறுவர். இறுதியில் குரு மக்களை ஆசீர்வதித்து அனுப்பிவைப்பார். இலத்தீன் மொழியில் இவ்வழிபாட்டுக்கு 'மிசா' என்னும் பெயர் வந்ததே, அவ்வாறு அனுப்பிவைக்கும் சொல்லிலிருந்துதான். சீர்திருத்தத் திருச்சபையாரிடத்தே பிரசங்கமும் ஞானப்பாட்டும் சிறப்பிடம் பெறும். எனினும் பாவ அறிக்கை, வேதவாசிப்பு, காணிக்கை, திருவிருந்து, ஆசி என்பவை அவர்களுக்கும் உரியனவே.

இவ்வொழுங்கை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலனாகும். இதன் ஒவ்வொரு பகுதியும் வெளியுலக வாழ்வுக்கு ஒரு பயிற்சியாக அமைந்துள்ளது. தன் பிழையை ஆலயத்தில் ஒப்புக்கொள்ளப் பழகியவன், வீட்டிலும் தொழிலிடத்திலும் அதனை ஒப்புக்கொள்ள நாணமாட்டான். பிறர் வாசிக்க அமைதியாய்க் கேட்கப் பழகியவன், அயலவன் சொல்லுக்கும் செவிசாய்ப்பான். காணிக்கை செலுத்தும் கமக்காரன், தன் வயலில் விளைந்த மொட்டைக்கறுப்பன் நெல் முழுவதும் தன் முயற்சியால் மட்டும் வந்ததன்று என்று உணர்வான். மழைக்கும் மண்ணுக்கும் கூலியாளுக்கும் அதிற் பங்குண்டு என்பதை மறவான். சமாதானச் சடங்கோ இன்னும் கடுமையானது. சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பின், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுச் சென்று, முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது மத்தேயு நற்செய்தி கூறும் கட்டளையின் கருத்து. எல்லை வேலிக்காக ஆண்டுக்கணக்கில் முகங்கொடாதிருக்கும் இரு குடும்பத்தார் ஒரே ஆலயத்தில் முழந்தாளிடும்போது, அக்கட்டளை அவர்களை எவ்வளவு வருத்தும் என்று கூறவும் வேண்டுமோ?

ஆலயமும் குருவும் இல்லாதவிடத்து இவ்வழிபாடு என்னாகும்? இவ்வினாவுக்கு நம் நாட்டு வரலாறே விடை பகர்கின்றது. பூநகரியில் இன்று சிதைவுற்று நிற்கும் கோட்டை, போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் விரிவாக்கியது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஒரு தலைமுறைக் காலம், அம்மக்கள் குருவின்றி வாழ்ந்தனர். எனினும் நம்பிக்கை அழிந்துபடவில்லை. தந்தையும் தாயும் வீட்டினுள்ளே செபமாலை சொல்லிப் பிள்ளைகளுக்குப் பயிற்றி வந்தனர்.

1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசவ்வாஸ் அடிகள், தம் நாட்டிலிருந்து புறப்பட்டு, தூத்துக்குடி வழியாக, எளிய கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் அணிந்த செபமாலையைக் கண்டே மறைந்திருந்த அடியார்கள் அவரை இனங்கண்டனர் என்பர். சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் பூசை நிகழ்த்தினார். பின்னர் கண்டிக்குச் சென்றார். அங்கே 1697ஆம் ஆண்டில் வைசூரி பரவிற்று. உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளோ சமயபேதம் பாராது அவர்களைப் பேணினார்; புண் கழுவினார்; உணவு ஊட்டினார்; இறந்தோரை அடக்கஞ் செய்தார். பீடத்தின்முன் பெற்றதை நோயாளியின் பாயருகே கொடுத்தார் எனலாம். 1711ஆம் ஆண்டில் மறைந்த அவர், 2015ஆம் ஆண்டு தை மாதத்தில் கொழும்பிலே புனிதராக அறிவிக்கப்பட்டார்.

வழிபாடு உள்ளத்தைத் தொட வேண்டுமாயின் அது மக்கள் மொழியில் நிகழ்தல் வேண்டும். யோசவ்வாஸ் அடிகளைப் பின்தொடர்ந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இதனை நன்குணர்ந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்தில் வாசிக்கப்பெறும் வியாகுலப் பிரசங்கம் அவர் பணியின் பயனே. எனினும் திருப்பலி இலத்தீனிலேயே நிகழ்ந்து வந்தது. 1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிவகுத்த பின்னரே அது தமிழுக்கு மாறிற்று. அதுவரை கண்டு நின்ற மக்கள், அதன்பின் தம் நாவாலேயே மறுமொழி கூறிப் பங்குகொள்ளலாயினர்.

ஞாயிற்றுக்கிழமையோடு வழிபாடு நின்றுவிடுவதுமில்லை. காலை, நண்பகல், மாலை என மும்முறை ஒலிக்கும் திரிகாலச் செப மணி, வேலைக்கும் ஓய்வுக்கும் ஓர் அளவு வகுக்கின்றது. கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று வலையை உலர்த்திவிட்டுக் கடற்றொழிலுக்குப் போகாதிருப்பர். தவக்காலத்தில் ஒருவேளை உணவைக் குறைத்து, மிஞ்சியதை வறியார்க்கு ஈவர். பாடசாலையில் மணியும் நேரசூசியும் மாணவரைப் பழக்குவது போல, இவ்வொழுங்குகள் மனத்தைப் பழக்குகின்றன.

ஆயினும் பழக்கம் வேறு, மாற்றம் வேறு. வாய் தொழ, மனம் மாறாதிருப்பதும் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயத்தின் உள்ளேயே சாதியாரை வேறுபிரிக்கும் தடுப்பு இருந்தது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள் ஒன்றாக நிற்க மறுத்தனர்! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடும் எதிர்ப்புக்கிடையே, அது அகற்றப்பட்டது. தடையாய் நின்ற சுவரை வழிபாடு தானே தகர்த்துவிடவில்லை. வழிபாட்டின் பொருளை உணர்ந்த மனிதர்தாம் தகர்த்தனர். சமயம் எதுவாயினும் நாம் நினைவிற் கொள்ள வேண்டிய பாடம் இது.

அண்மைக் காலத்தில் வன்னி மக்களுக்கும் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், மடுத் திருத்தலத்தின் அன்னை திருவுருவமே போரின் காரணமாகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் பூநகரி மக்களும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். மரநிழலும் தறப்பாளுமே அந்நாள்களில் ஆலயமாயின. மணியும் பீடமும் இல்லாதபோதும், சேர்ந்து செபிப்பதும், கிடைத்ததைப் பகிர்வதும், இறந்தோர் பெயர்சொல்லி வேண்டுவதும் எஞ்சின. 2009இல் போர் முடிந்தபின் படிப்படியாக ஊர் திரும்பியோர், இழப்பின் நினைவோடேதான் மீண்டும் கூடித் தொழுதனர். வழிபாடு இறந்தோரை மீட்டுத் தருவதில்லை; ஆனால் துயரைத் தனியே சுமக்க விடுவதுமில்லை.

ஆகவே நேயர்களே, வழிபாட்டின் பயனை அளக்கும் கோல் ஆலயத்தினுள்ளே இல்லை. திங்கட்கிழமை காலையில் வயலிலும் கடற்கரையிலும் சந்தையிலும், அயலான் வீட்டுப் படலையடியிலுமே அது இருக்கின்றது. அங்கே நம் சொல்லும் செயலும் நேற்றையதிலும் சற்றே செம்மையுற்றிருப்பின், நாம் தொழுதது வீண்போகவில்லை.